வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

ஆவாரங்காட்டு வலசில் பிரணிகா என்ற பெயரில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இருவரும் ஒரே தாய் வயிற்றில் ஒரே நாள் ஒரே நேரத்தில் பிறந்தவர்கள், ஆனால் இரட்டைப் பிள்ளைகள் அல்ல, அன்றைக்குப் பிறந்தது ஒன்றுதான். இதை அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிட்டு, உங்கள் பக்கம் மழை உண்டா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஆள் ஒருவன்தான், பள்ளிக்கூடத்து மூன்றாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிற நாச்சிமுத்து.

காங்கயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போகிற மண்சாலையிலும் தார்ச்சாலையிலுமாகப் பதினோரு வருஷம் அந்த பஸ்ஸை ஓட்டியவன் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை. ஏழு ஊர், நாற்பத்தியொரு பிள்ளைகள். சாயங்காலம் கடைசிப் பிள்ளை இறங்கியதும் டிரைவர் பஸ்ஸின் பின் சீட் வரை நடந்து போய், ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு, வண்டியில் இருக்கிற நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ‘பின் சீட் வரை நடந்து பார்த்தேன், பிள்ளைகள் யாரும் இல்லை’ என்று ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் அச்சடித்தே வைத்திருந்தார்கள். நாச்சிமுத்து சோம்பேறி அல்ல, எந்த வேலையையும் முன்கூட்டியே முடித்துவைக்கிற ரகம். அதனால் திங்கட்கிழமை காலையில் ஸ்டீயரிங்குக்குப் பூ வைத்த கையோடு திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கையெழுத்தையும் ஒரே மூச்சில், ஒரே சாய்வில் போட்டு வைத்துவிடுவான். பக்கத்து பஸ் டிரைவர்களும் அப்படித்தான். சாயங்காலம் பெரும்பாலும் நடந்து பார்ப்பான். சில நாள் கண்ணாடியில் பார்த்துக்கொள்வான். கையெழுத்துப் போட்ட வேலை முடிந்த வேலைதானே என்று மனசு தன் பாட்டுக்குச் சும்மா இருந்துவிடும்.

பங்குனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அவனுடைய ஊரான கரட்டுப்பாளையத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டியிருந்தார்கள். கொடுமுடிக்குத் தீர்த்தம் எடுக்கப் போகிற டெம்போ, நாச்சிமுத்து ஒருவனுக்காக ஆரன் அடித்துக்கொண்டு கோயில் முன்னால் நின்றது. பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா பாவாத்தாளும் அன்றைக்கு நோம்பிக்காக லீவு. நாச்சிமுத்து அவசர அவசரமாகப் பிள்ளைகளை ஊர் ஊராக இறக்கிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, கூட்டத்துப் பையன்கள் ஏறி விளையாடுவார்கள் என்று கண்ணாடிகளையெல்லாம் வெளியிலிருந்தே தள்ளி மூடி, கதவைப் பூட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். அப்புறம் தீர்த்தம் வந்தது, மாவிளக்கு வந்தது, கிடாய் வெட்டு வந்தது. சனியும் ஞாயிறும் தப்பட்டை ஓயவில்லை. நாச்சிமுத்துவே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடினான். பஸ் நின்ற இடம் அங்கிருந்து முப்பது எட்டு வைக்கிற தூரம்கூட இருக்காது.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து புழுங்கிய காற்று முகத்தில் அடித்தது. பூ வைத்தான். நோட்டை எடுத்து மடியில் வைத்து வழக்கம்போல ஐந்து கையெழுத்தும் போட்டான். ஐந்தாவதின் வாலை இழுக்கும்போதுதான் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

“மாமா.”

கடைசி சீட்டில் ஒரு பிள்ளை படுத்திருந்தது. சீருடை, ஒற்றை ஷூ, பையைத் தலைக்கு வைத்திருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிரணிகா, ஆவாரங்காட்டு வலசில் ஏறி இறங்குகிற பிள்ளை.

நாச்சிமுத்து இரண்டு சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளி சாயங்காலம், வெள்ளி ராத்திரி, சனி, ஞாயிறு என்று விரல் தானாக எண்ணியது. அவ்வளவு வெயிலில் அவ்வளவு நேரம் பூட்டிக் கிடந்த பிள்ளை உயிரோடு இருக்க முடியாது. ஆனால் அது எழுந்து உட்கார்ந்து, “தண்ணி” என்றது. அவன் தன் பாட்டிலைக் கொடுத்தான். அது முழுதும் குடித்துவிட்டுக் கேட்டது.

“நா கூப்புட்டனே மாமா. உங்குளுக்குக் கேக்குலீங்களா?”

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தப்பட்டைக்காரர்களிடம் ‘இன்னும் எச்சா அடிங்கப்பா’ என்று தான் கத்தியது ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகுதான் இன்னொரு எண்ணம் வந்து அவனை ஆட்டியது. ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் சுற்றுப்பட்டு ஊரே கிணறு கிணறாகத் தேடியிருக்குமே. போலீஸ் வந்திருக்குமே. ஏன் ஒருத்தரும் வரவில்லை? பிள்ளையைத் தூக்கித் தன் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, பன் வாங்கிக் கொடுத்து, பஸ்ஸை எடுத்தான். இரண்டாவது ஊரில் ஏறிய பாவாத்தாள், “ஏனுங் நாச்சிமுத்தண்ணா, இந்தப் புள்ளைக்கு இத்தன நேரமே இங்க என்ன சோலி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பிள்ளைகளை எண்ணப் போய்விட்டாள்.

கடைசி ஊரான ஆவாரங்காட்டு வலசில் வேப்பமரத்தடியில் பிரணிகாவின் அம்மா கோகிலா நின்றுகொண்டிருந்தாள். தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு உடைக்கப் போகிறவள், புருஷன் லாரியில் புனேவுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். நாச்சிமுத்து அவள் காலில் விழுவதென்றே முடிவு செய்து பஸ்ஸை நிறுத்தினான். அப்போதுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தான். குளித்து, பவுடர் போட்டு, ரெட்டைச் சடையில் கனகாம்பரம் வைத்த பிரணிகா. இரண்டு காலிலும் ஷூ.

“டிரைவரண்ணா, வெள்ளிக்கெழம நீங்க பண்ணுன உபகாரத்த நா மறக்க மாட்டனுங்” என்றாள் கோகிலா. “பஸ்ஸுல தூங்கிப்போச்சாம். நீங்களே பின்னால போய் எழுப்பி, தோள்ல போட்டுக்கிட்டு வந்து எங்கூட்டு வாசல்ல விட்டுட்டுப் போனீங்களாமே. பாப்பா சொல்லுச்சு. பால் ஊத்தப் போன பழனிச்சாமியண்ணனும் பாத்தாராமுங்.”

நாச்சிமுத்து வெள்ளிக்கிழமை அந்த மரத்தடியில் பஸ்ஸை அரை நிமிஷம் நிறுத்தினான், யாரோ இறங்கினார்கள், யாரென்று பார்க்கவில்லை, கியரைப் போட்டான். சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அது சத்தியம். அவன் உள்ளே கையைக் காட்டினான். பக்கத்து சீட்டிலிருந்த பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்று, உதடு வலித்து நிறுத்திக்கொண்டது.

கோகிலா எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கண்ணைச் சுருக்கினாள்.

“ஏனுங்ணா, யாரு இது? எம் பொண்ணாட்டவே இருக்குது.”

“உங்க புள்ளதானுங்.”

“என்ற புள்ள இங்க நிக்குதுல்லீங்?”

கீழே நின்ற பிள்ளை பஸ்ஸில் ஏறி, உள்ளே இருந்த பிள்ளையைப் பார்த்து, “என்ற இன்னொரு ஷூவ எங்க போட்ட?” என்று கேட்டது. “சீட்டுக்கு அடில போயிருச்சு” என்று மற்றது சொன்னது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. பின்னால் பால் வண்டி ஆரன் அடித்தது. எட்டே முக்காலுக்கு மணி அடித்துவிடுவார்கள். “நேரமாச்சுங், எடுங்” என்றாள் பாவாத்தாள். பிள்ளைகள் நாற்பத்தியிரண்டு என்று எண்ணி, போன வாரம் எண்ணியது தப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாச்சிமுத்து பஸ்ஸை எடுத்தான். உலகத்தில் எது நடந்தாலும் பள்ளிக்கூட பஸ் எட்டே முக்காலுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே மனசாக இருந்ததை நினைத்தால் அவனுக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

பள்ளிக்கூடத்தில் இந்த விஷயத்தை ஒரு பீரியடுக்குள் ஜீரணித்துவிட்டார்கள். வகுப்பு டீச்சர் பெயர் கூப்பிட்டாள், இரண்டு பிள்ளைகளும் “உள்ளேன் டீச்சர்” என்றன, ஒரு டிக் போட்டாள். பெஞ்சில் மூன்று பேர் உட்காருகிற இடத்தில் நான்கு பேரை நெருக்கி உட்கார வைத்தாள். பதினோரு மணிக்குத் தாளாளர் தெய்வசிகாமணி இரண்டு பேரையும் தன் அறைக்கு அழைத்துப் பார்த்தார். வெள்ளை வேட்டி சட்டைக்காரர், எதற்கும் பதறாதவர், பதறினால் அட்மிஷன் குறையும் என்று தெரிந்தவர். சேதி வலசுக்குப் போய், ஆவாரங்காட்டிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஒரு டெம்போவில் வந்து இறங்கினார்கள். கோகிலாவும் களத்திலிருந்து தேங்காய் நார் ஒட்டிய சேலையோடு வந்தாள்.

“இதுல கொழம்பறதுக்கு என்ன இருக்குது?” என்றார் தாளாளர். பஸ்ஸிலிருந்து நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, போன வாரத்துப் பக்கத்தைப் புரட்டி எல்லாருக்கும் காட்டினார். “இங்க பாருங்க. வெள்ளிக்கிழமை. பின் சீட் வரை நடந்து பார்த்தேன், பிள்ளைகள் யாரும் இல்லை. நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டிருக்கான். அப்புறம் எப்படிப் பிள்ளை உள்ள இருந்திருக்கும்? நம்ம பிள்ளை பத்திரமா வீட்டுக்குப் போயாச்சு. இது வேற பிள்ளை.”

“ஆமாங்” என்றார் பால் ஊற்றும் பழனிச்சாமி. “தோள்ல தூக்கிட்டு வந்தத நா என்ற கண்ணால பாத்தனுங். நல்ல மனுசன்.”

வேறு பிள்ளை என்று முடிவானதும் அதை என்ன செய்வது என்கிற பேச்சு கல்யாண வீட்டுப் பந்திப் பேச்சு மாதிரி சுறுசுறுப்பாகக் கிளம்பியது. பூச்சாட்டு நாளில் கோயிலுக்குப் பின்னால் கிடைத்ததால் இது ஆத்தா கொடுத்த பிள்ளை, கோயிலிலேயே விட்டுவிடலாம் என்றார் ஒருவர். எங்கள் கொழுந்தனாருக்குப் பிள்ளையில்லை, கொடுத்தால் ராசாத்தி மாதிரி வளர்ப்பார்கள் என்றாள் ஒருத்தி. அநாதைப் பிள்ளைகள் ஆஸ்டலுக்குப் போன் போட்டால் நாளைக்கே வந்து கூட்டிப்போவார்கள் என்றார் தாளாளர். யாரோ அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். யாரோ சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். பிள்ளை மாலையைக் கழற்றாமல், அம்மாவின் சேலை நுனியைப் பிடிக்கலாமா என்று கையை நீட்டுவதும் எடுப்பதுமாக நின்றது. கோகிலா அதன் பக்கம் திரும்பவே இல்லை. தன்னோடு இருந்த பிள்ளையின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

நாச்சிமுத்து சுவரோரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகங்கள், நல்லவர்கள், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி காரெடுக்கிறவர்கள். ஒருத்தர்கூட ‘இந்தப் பிள்ளைக்கு ஏன் உதடு வெடித்திருக்கிறது’ என்று கேட்கவில்லை. அதிசயம் நடந்தது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அதை இவ்வளவு லேசாக எடுத்து மடித்து உள்ளே வைக்கிறார்களே, அதுதான் அவனைக் கதிகலங்க வைத்தது. நடக்க வேண்டியது நடந்துவிட்டது, நடந்திருக்கக் கூடாதது ஆஸ்டலுக்குப் போய்விடும், அவ்வளவுதானா? அவன் தப்பு எங்கே போகும்? அது தானாக நடந்து வந்து, ஒற்றை ஷூவோடு, சாமந்தி மாலை போட்டு நிற்கிறதே, கண்ணில் படவில்லையா?

“நாச்சிமுத்து, இங்க வா” என்றார் தாளாளர்.

பீரோவிலிருந்து ஆண்டு விழாவுக்கு வாங்கி மிச்சமான பொன்னாடை ஒன்றை எடுத்து உதறி, தூங்கிய பிள்ளையைத் தோளில் சுமந்து வீடு சேர்த்த டிரைவருக்குப் பள்ளியின் சார்பாக என்று சொல்லிப் போர்த்திவிட்டார். கை தட்டினார்கள். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று தட்டின. மாலை போட்ட பிள்ளையும் எல்லாரையும் பார்த்துவிட்டுத் தானும் தட்டியது. இரண்டு தட்டு தட்டியதும் கை வலித்து முகத்தைச் சுளித்து, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டது.

நாச்சிமுத்துவால் அதற்கு மேல் முடியவில்லை.

பேசாமல் இருந்தால் அவனுக்கு வேலை இருக்கும், பெயர் இருக்கும், பொன்னாடை இருக்கும். ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அவன் பின் சீட் வரை நடந்து பார்த்தவன் என்றால் இந்தப் பிள்ளை யாருடையதும் இல்லை. அவன் பார்க்காதவன் என்றால்தான் இதற்கு ஒரு தாய் உண்டு. இது இரண்டில் ஒன்றுதான் என்பது அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. பொன்னாடையோடு மேஜைக்குப் போய், நோட்டை எடுத்து ஒரு பக்கம் முன்னால் திருப்பினான்.

“ஐயா, இன்னிக்கு என்ன கெழமைங்?”

“திங்கள். எதுக்குக் கேக்கற?”

“இதப் பாருங். இது இந்த வாரத்துப் பக்கம். நாளைக்குச் செவ்வாய்க்கெழம, பின் சீட் வரைக்கும் நடந்து பாத்துட்டனுங். புதன் பாத்துட்டேன். வர்ற வெள்ளிக்கெழமையும் பாத்துட்டேன், புள்ளைங்க ஒருத்தரும் இல்லீங். கையெழுத்து இருக்குது பாருங்.”

தாளாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மை காய்ந்த ஐந்து கையெழுத்துகள், ஒரே சாய்வில், வராத நாட்களுக்கு எதிரில்.

“போன வெள்ளிக்கெழமைக் கையெழுத்தும் அதுக்கு முன்ன திங்கக்கெழம போட்டதுதானுங். நா நடந்து பாக்குல. டெம்போ போயிருமுன்னு ஓடிட்டேன். கண்ணாடி பூரா சாத்தி, பூட்டிட்டு ஓடிட்டேன். இந்தப் புள்ள உள்ள இருந்துச்சு. மூணு நா. நா முப்பது எட்டுல ஆடிக்கிட்டிருந்தனுங்.”

“இல்ல, மாமாதான் என்னய எழுப்புனாங்க” என்றது கோகிலாவின் கையிலிருந்த பிள்ளை. “தோள்ல தூக்கிட்டுப் போனாங்க.”

நாச்சிமுத்து அதன் முன்னால் மண்டியிட்டான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. “அது செய்ய வேண்டியதச் செஞ்ச ஆளு கண்ணு. அவன் நல்லா இருக்கோணும். அது நானில்ல. நா இவள விட்டுட்டுப் போன ஆளு.” பிறகு கோகிலாவை நிமிர்ந்து பார்த்தான். “அம்மிணி, நா உன்ற புள்ளையத்தான் விட்டுட்டுப் போனேன். வேற யார் புள்ளையவும் இல்ல. அவ கையப் பாரு.”

கோகிலா சுவரிலிருந்து கண்ணை எடுத்து, நான்கு எட்டு வைத்து வந்து, மாலை போட்ட பிள்ளையின் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும் கன்றிச் சிவந்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது. கண்ணாடியைத் தட்டித் தட்டி.

“வெள்ளிக்கெழம ராத்திரி நா சந்தவ புழிஞ்சனே” என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. “தேங்காப்பால் ஊத்தி இவளுக்கு ஊட்டுனனே. ஃபேன் போட்டுப் படுக்க வெச்சனே. அப்ப நீ... அப்ப நீ எங்க சாமி இருந்த?”

“பஸ்ஸுல” என்றது பிள்ளை.

கோகிலா திரும்பினாள். தேங்காய் உடைத்துக் காய்ந்த கை. அவள் அடித்த அடியில் நாச்சிமுத்துவின் பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவனே முகத்தைக் காட்டினான். மூன்றாவதுக்குக் கை ஓங்கியவள் அப்படியே உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் அழுதாள். காலையிலிருந்து பார்த்த எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் நாச்சிமுத்துவுக்குச் சரியாகப் பட்டது. கன்னம் தீயாக எரிய, அவன் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு விட்டான்.

அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பழனிச்சாமி போய் மோர் வாங்கி வந்தார். வகுப்பு டீச்சர் வருகைப் பதிவேட்டில் காலையில் போட்ட டிக்குக்குப் பக்கத்தில் இன்னொரு டிக் போட்டாள். போலீசுக்குச் சொல்வதா என்று தாளாளர் கேட்டதற்கு, “சொல்லுங்” என்றான் நாச்சிமுத்து. விசாரணை நாளைக்கு என்றும், இன்றைக்கு வேறு டிரைவர் இல்லை என்றும், பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும் என்றும் சொன்னார்கள். தாளாளர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

நாலரை மணிக்கு பஸ்ஸை எடுத்தான். ஆவாரங்காட்டு வலசில் என்ஜினை அணைத்து, இறங்கி, தானே கதவைத் திறந்துவிட்டான். முன்னாலேயே டெம்போவில் வந்துவிட்ட கோகிலா மரத்தடியில் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கைக்கு ஒரு பிள்ளையாகப் பிடித்துக்கொண்டாள். கையில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்த பிள்ளை இரண்டு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தது.

“மாமா, நாளைக்கு வர்ற டிரைவரு பாப்பாங்களா?”

“பாப்பாங்க சாமி. நா சொல்லிட்டுத்தான் போவேன்.”

கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, கரட்டுப்பாளையத்தில் அதே புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தினான். கோயிலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நோட்டில் அந்த வாரத்துப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டு எழுந்து, முதல் சீட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டுக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தான். பதினோராவது சீட்டுக்கு அடியில் ஒற்றை ஷூ கிடந்தது. எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

கடைசி ஜன்னலில் சாயங்கால வெயில் விழுந்து, கண்ணாடியில் இருந்த புழுதியெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. புழுதியில் சின்னச் சின்ன உள்ளங்கைத் தடங்கள். முதல் தடங்கள் உயரத்தில் இருந்தன, சீட்டின் மேல் ஏறி நின்று தட்டியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை நின்று தட்டியவை. அதற்கும் கீழே உட்கார்ந்து தட்டியவை. அப்படியே இறங்கி இறங்கி வந்து, கடைசித் தடம் கண்ணாடியின் அடி ஓரத்தில், படுத்துக்கொண்டே தட்டினால்தான் எட்டுகிற இடத்தில் இருந்தது. அதில் ஐந்து விரல் இல்லை, மூன்றுதான்.

நாச்சிமுத்து அந்த சீட்டில் உட்கார்ந்தான். இருட்டுகிற வரை எழுந்திருக்கவில்லை. பிறகு முன்னால் வந்து, புதுப் பக்கத்தில் தேதி எழுதி, திங்கட்கிழமைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டான்.